சீல்களோடு ஸ்கூபா டைவிங் போக ஆசை. அவற்றைத் தொந்தரவு செய்யாமல் எப்படிப் போவது?

கேட்டவர் சென்னைக்காரர். ஸ்கூபா கற்று முடித்து நம் ஊர்க் கடலில் சில டைவ் செய்திருக்கிறார். அடுத்த வருடம் இங்கிலாந்து போகும்போது சீல் என்ற கடல் விலங்குகளோடு நீந்த வேண்டும் என்கிறார். சீல்கள் டைவர்களைக் கட்டிப்பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்தாராம். நமக்கும் அப்படி நடந்தால் தடவிக்கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தடவக் கூடாது. சீல் உங்களைத் தொட்டால் தொட்டுவிட்டுப் போகட்டும். உங்கள் கை அதன் மேல் படக் கூடாது.

நான் திருவான்மியூரில் இருக்கிறேன். டைவிங் கற்றது பாண்டிச்சேரியில். அக்கா இங்கிலாந்தின் நியூகாசிலில் குடியிருப்பதால், அங்கிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஃபார்ன் தீவுகளில் மூன்று முறை டைவ் செய்யும் வாய்ப்பு கிடைத்தது. சீஹவுசஸ் என்ற சின்னத் துறைமுகத்திலிருந்து படகு. கடல் ஏறினால் சில பாறைகள் மூழ்கிவிடும், வற்றினால் மறுபடி தலைகாட்டும். அதனால் தீவுகளின் எண்ணிக்கையே வேளைக்கு வேளை 15க்கும் 20க்கும் இடையில் மாறும் என்பார்கள். அங்கே இருப்பது சாம்பல் சீல். உலகிலுள்ள சாம்பல் சீல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரிட்டனைச் சுற்றித்தான் வாழ்கின்றன.

இந்தியக் கரையில் சீல் கிடையாது. அதனால்தானோ என்னவோ, தமிழில் நமக்கு அதைப் பற்றிச் சரியான பிடிமானம் இல்லை. நீர்நாய் என்கிறோம், ஆனால் அது ஆற்றில் இருக்கும் வேறு விலங்கு. கடற்பசு என்றும் குழப்பிக்கொள்கிறோம். பாக் நீரிணையில் புல் மேயும் கடற்பசு யானைக்குத்தான் உறவு, சீலுக்கு இல்லை. கடல்நாய் என்ற பெயர் ஓரளவு பொருந்தும். நாய், கரடி, நீர்நாய் எல்லாம் இருக்கும் பெரிய வம்சத்தில்தான் சீலும் வருகிறது. ஆனால் வம்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பெரிய கண், மீசை, விளையாட்டுக் குணம், எல்லாவற்றையும் பார்த்ததும் நம் வீட்டு நாய்க்குட்டி ஞாபகம் வந்து கை தானாக நீண்டுவிடுகிறது. சாம்பல் சீலின் அறிவியல் பெயருக்குப் பொருள் 'வளைமூக்குக் கடற்பன்றி'. வளர்ந்த ஆண் 300 கிலோ வரை வரும். தாடையைப் பார்த்தால் நாயை விடக் கரடியைத்தான் நினைக்கத் தோன்றும்.

சரி, நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். சட்டங்களை அடுக்குவதை விட அது உங்களுக்குப் பயன்படும்.

முதல் பயணம், ஆகஸ்ட் கடைசி. படகில் எங்களிடம் தெளிவாகச் சொன்னார்கள்: பாறைத் திட்டின் இந்தப் பக்கத்தோடு நில்லுங்கள், மூலையைச் சுற்றி அந்தப் பக்கம் போகாதீர்கள், அங்கே சீல்கள் படுத்திருக்கின்றன. இறங்கி இருபது நிமிடம் ஒன்றுமே வரவில்லை. வெறும் கடற்பாசிக் காடு, குளிர், பச்சைத் தண்ணீர். பிறகு ஒரு இளஞ்சீல் தூரத்தில் கடந்து போனது. நான் பின்னாலேயே போனேன். அது திரும்பியது, நானும் திரும்பினேன். அது வேகம் எடுத்தது, நானும் எடுத்தேன். காலில் மாட்டிய ஃபின் என்ற துடுப்பை உதைத்து உதைத்து மூச்சு வாங்கியபோது பாறை மூலையைத் தாண்டியிருந்தேன். தலையை வெளியே நீட்டிப் பார்த்தால், பத்து மீட்டர் தள்ளி, பாறை நிறைய சீல்கள்.

முப்பது நாற்பது இருக்கும். ஒரே நொடியில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் சரிந்து தண்ணீரில் விழுந்தது. ஒன்றின் மேல் ஒன்று, கூரான பாறையில் வயிறு தேய, ஓலத்தோடு. அரை நிமிடத்தில் பாறை காலி. ஈரத்தடம் மட்டும் மிச்சம். படகுக்காரப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. கடல் ஏறி அந்தப் பாறை மூழ்க இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது, அவை ஓய்வெடுக்க வேண்டிய நேரம் அது என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு கூசுகிறது.

பாறையில் சீல் படுத்திருப்பதைப் பார்த்தால் சோம்பேறித்தனமாகத் தெரியும். இரை தேடி அலைந்த உடம்பு தேறுவது அங்கேதான். குளிர்ந்த நீரில் வெப்பத்தை இழக்காமல் கிடப்பதும், குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பழைய ரோமத்தை உதிர்ப்பதும் கரையில்தான். ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் சேர்த்துவைத்த சக்தி வீணாகிறது. குட்டிகள் இருக்கும் காலத்தில் இதே ஓட்டம் நடந்தால் குட்டி நசுங்கலாம், தாயைப் பிரிந்துபோகலாம்.

குட்டிக் காலம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் எந்த மாதம் போவது என்பதை அதுதான் முடிவு செய்யும். ஃபார்னில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை குட்டி போடும் காலம். பிறக்கும்போது குட்டி சுமார் 14 கிலோ, வெள்ளை ரோமத்தோடு இருக்கும். தாயின் பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதைக் குடித்து நாளொன்றுக்கு 2 கிலோ வரை ஏறும். பாலூட்டும் காலம் வெறும் 18 நாள் அளவில்தான். அந்த நாட்களில் தாய் பெரும்பாலும் எதுவும் சாப்பிடாது, தன் உடம்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கிறது. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அந்தப் பதினெட்டு நாளில் ஒரு வேளைப் பால் தவறினாலும் பிறகு ஈடுகட்ட நேரம் இல்லை. அதனால் குட்டி இருக்கும் கரைக்கும் குகைக்கும் அருகே டைவ் வேண்டாம். ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் போய்விடுங்கள். அப்போது தண்ணீரும் அந்த ஊருக்கு வெதுவெதுப்பு, அதாவது 13, 14 டிகிரி.

நமக்கு அந்த 13 டிகிரி பெரிய விஷயம். நம் கடல் 28 டிகிரி. இங்கே உடம்போடு ஒட்டும் 3 மில்லிமீட்டர் வெட்சூட்டும், மூழ்குவதற்கு இடுப்பில் நான்கு கிலோ ஈயமும் போதும் எனக்கு. அங்கே தண்ணீர் உள்ளே புகாத டிரைசூட், உள்ளே கம்பளி உடை, இடுப்பில் பன்னிரண்டு கிலோ. டிரைசூட்டில் காற்று உள்ளே ஓடும். பழகாதவர்களுக்குக் கால் மேலே போய்த் தலைகீழாகிவிடும். முதல் முறையாக டிரைசூட் போட்டுக்கொண்டு நேராகச் சீல்களிடம் போகாதீர்கள். தடுமாறும் டைவர் கையையும் காலையும் வீசுவார், பாசிக் காட்டை உதைப்பார், சீல் வந்தாலும் பயந்து போய்விடும். இரண்டு நாள் முன்னதாகப் போய், அங்கே ஏதாவது ஏரியிலோ குளத்திலோ டிரைசூட் பயிற்சியை முடித்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருக்கும்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு: கையை அசைக்காமல் ஒரே ஆழத்தில் பத்து நிமிடம் சும்மா மிதக்கப் பழகுவது. டைவர்கள் பாயன்சி என்பார்களே, அதுதான். நம் கடலில் தண்ணீர் கலங்கலாக இருக்கும் நாட்களில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, அந்த நாட்களே இதற்குத் தோது.

கடல் ஏற்ற இறக்கத்தையும் கவனியுங்கள். மெரினாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான், அதனால் நாம் அதைக் கணக்கில் எடுத்தே பழகவில்லை. அங்கே நான்கு மீட்டர் வரை போகும். வற்றம் வந்தால் பாறை வெளியே வரும், சீல்கள் ஏறிப் படுத்துக்கொள்ளும். ஏற்றத்தில் அவற்றில் பல தண்ணீரில்தான் இருக்கும். ஆகவே ஏற்றம் முடிந்து நீரோட்டம் அடங்கும் வேளையில் இறங்கும் படகாகப் பாருங்கள். சீல்கள் தாமாகவே தண்ணீரில் இருக்கும், கலைக்க வேண்டிய கூட்டமும் கரையில் குறைவு.

இரண்டாவது பயணத்தில் எனக்கு வழிகாட்டியாக வந்த அம்மா அறுபது வயதைத் தாண்டியவர். இறங்குவதற்கு முன் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: எதையும் தேடாதே, போய் ஓர் இடத்தில் உட்கார். கேட்டதும் எனக்குப் பெசன்ட் நகர் கடற்கரை ஞாபகம் வந்தது. கல்லூரிக் காலத்தில் ஆமை நடைக்குப் போவேன். 1988இலிருந்து மாணவர்கள் நடத்தும் அமைப்பு அது. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் நீலாங்கரைப் பக்கமிருந்து மணலில் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பாதுகாப்பார்கள். அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். டார்ச் அடிக்காதே. ஆமை கரையேறும்போது எதிரே நிற்காதே, அசையாமல் உட்கார்ந்துவிடு. அது முட்டையிடத் தொடங்கும் வரை கிட்டே போகாதே. கடலுக்குத் திரும்பும் வழியை மறைக்காதே. ஐந்து வருடம் இதைச் செய்த நான், கடலுக்கு அடியில் இறங்கியதும் எல்லாவற்றையும் மறந்து ஒரு சீலைத் துரத்தியிருக்கிறேன்.

அந்த அம்மா சொன்னபடி ஆறு மீட்டர் ஆழத்தில், ஒரு பாறை இடுக்கின் ஓரமாக, மணலில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். இடுக்கின் வாயை அடைக்காமல் ஓரமாக. ஏனென்றால் உள்ளே சீல் தூங்கிக்கொண்டிருக்கலாம், மூச்செடுக்க அது மேலே போக வேண்டும், நாம் வழியில் நின்றால் சிக்கிக்கொண்டதாக நினைக்கும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டேன். எட்டு நிமிடம் போனது. பிறகு ஃபின்னை யாரோ மெல்ல இழுப்பது போல் இருந்தது. திரும்பவில்லை. இன்னொரு இழுப்பு. தலையை மட்டும் தாழ்த்திப் பார்த்தேன், ஒரு குட்டிப் பருவம் தாண்டிய சீல், ஃபின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. பிறகு விட்டுவிட்டு முகத்துக்கு எதிரே வந்து தலைகீழாக நின்றது. மீசை ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைவது தெரிந்தது. அதை நான் அழைக்கவில்லை, எதுவும் கொடுக்கவில்லை. அதுவாக வந்தது, அதுவாகப் போனது, மறுபடி வந்தது. இருபத்தைந்து நிமிடம்.

அந்த மீசையைத் தொடத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அது சும்மா முடி இல்லை. ஜெர்மனியில் பழக்கப்படுத்திய சீல்களின் கண்ணை மூடிவிட்டுச் சோதித்தார்கள். சின்ன நீர்மூழ்கிப் பொம்மை ஒன்று போன தடத்தை, நீரில் மிஞ்சிய அசைவை வைத்து மீசையாலேயே கண்டுபிடித்துப் பின்தொடர்ந்தன. கலங்கல் கடலில் மீன் பிடிப்பதற்கு அந்த மீசைதான் துணை. ஒருவர் கண்ணுக்குள் விரல் வைப்பதை நினைத்துப் பாருங்கள். அதே மாதிரி, அந்தப் பெரிய கண்கள் மங்கிய வெளிச்சத்துக்காக அமைந்தவை. முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காமல் இருக்கும் வெளிச்சத்தில் எடுக்கும் படமே போதும்.

கட்டிப்பிடிக்கும் வீடியோ விஷயத்துக்கு வருகிறேன். அவை பொய் இல்லை. இளஞ்சீல்கள் உண்மையாகவே டைவரின் தோளைப் பற்றிக்கொள்ளும், முகமூடியை மோந்து பார்க்கும். அப்போது அசையாமல் இருங்கள், மூச்சை மட்டும் ஒரே சீராக விடுங்கள். பதிலுக்கு அணைக்காதீர்கள். வயிற்றைச் சொறிந்துவிடும் காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள், சீல் ரசிப்பது போலத்தான் இருக்கும். ஆனால் மனிதக் கை சுகமானது என்று கற்றுக்கொண்ட சீல் அடுத்து எங்கே போகும்? துறைமுகத்துக்கு, தூண்டில் போடுகிறவர்களிடம், சுழலும் படகு விசிறிக்குப் பக்கத்தில். மீன் கொடுத்துப் பழக்குவது இதைவிட மோசம். அடுத்து வரும் டைவரிடம் மீன் இல்லையென்றால் அவர் கையைத்தான் அது சோதிக்கும்.

போதும் என்று அது சொல்வதும் தெரியும். வாயைத் திறந்து பல்லைக் காட்டும், உறுமும், துடுப்பால் தண்ணீரை அறையும், படபடவென்று சுற்றும். கழுத்தில் வடுக்களோடு நீண்ட வளைமூக்கு ஆண் வந்து நின்றால் விளையாட்டு முடிந்தது, மெதுவாகப் பின்வாங்குங்கள். பாறையில் கிடப்பவை தலையைத் தூக்கிப் பார்ப்பதே முதல் எச்சரிக்கை. அந்த நேரத்தில் படகு இன்னும் நெருங்கினால் அடுத்து ஓட்டம்தான்.

உங்கள் பாதுகாப்பில் பலரும் சொல்லாத ஒன்று. சீல் டைவ் பெரும்பாலும் ஐந்து பத்து மீட்டரில்தான் நடக்கும், ஆழமில்லை என்று அலட்சியம் வரும். சீல் விர்ரென்று மேலே போகும், கீழே வரும். கூடவே நாமும் ஏறி இறங்கத் தொடங்குவோம். பத்து மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரலில் இருக்கும் காற்று, வெளியே விடாமல் மேலே வந்தால் இரு மடங்காகும். மூச்சைப் பிடித்தபடி சீலைப் பார்த்து வியந்துகொண்டே மேலே போவது உயிருக்கே ஆபத்து. துரத்தாதே என்பது சீலுக்காக மட்டும் சொன்ன விதி இல்லை.

கடி பட்டால், சின்னக் கடியானாலும், மருத்துவரிடம் போங்கள். சீல் வாயில் இருக்கும் ஒரு வகைக் கிருமியால் விரல் வீங்கி, மூட்டு வரை பாதிக்கும் நோய் வரும்; 'சீல் விரல்' என்றே பெயர். சில நாட்கள் கழித்து, நீங்கள் சென்னை திரும்பிய பிறகும் வீங்கலாம். இங்கே மருத்துவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். சீல் கடித்தது என்பதை நீங்களே சொல்ல வேண்டும். பென்சிலின் வகை இதற்குக் கேட்பதில்லை, டாக்ஸிசைக்ளின் போன்ற டெட்ராசைக்ளின் வகை மருந்துகள்தான் கேட்கும்.

இங்கிலாந்துக்குப் பதில் கேப் டவுன் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஹவுட் பே அருகே டைக்கர் தீவில் கேப் ஃபர் சீல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இது வேறு குடும்பம். வெளியே தெரியும் காது இருக்கும். 2024இல் அந்தச் சீல்களிடம் ரேபிஸ் இருப்பது உறுதி செய்யப்பட்டது. தெருநாய் கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சென்னையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையேதான் அங்கும் செய்ய வேண்டும்: சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசி. போவதற்கு முன் அந்த வருட நிலவரத்தை அங்கே விசாரியுங்கள். அண்டார்டிகாவின் சிறுத்தைச் சீலை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். 2003இல் அது ஒரு பிரிட்டிஷ் ஆய்வாளரை இழுத்துச் சென்றதில் அவர் இறந்துபோனார்.

படகை எப்படித் தேர்ந்தெடுப்பது? விளம்பரப் படங்களைப் பாருங்கள். டைவர் சீலைப் பிடித்துக்கொண்டிருக்கும் படத்தை முகப்பில் போட்டிருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். பிறகு போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். சீல்கள் கிடக்கும் பாறைக்கு எவ்வளவு தூரத்தில் இறக்குவீர்கள்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை டைவர்? சீல் எதுவும் வரவில்லையென்றால் என்ன செய்வீர்கள்? மூன்றாவதுதான் முக்கியம். 'வேறு இடத்துக்குப் போய்த் தேடிப் பிடித்துக் காட்டுவோம்' என்றால் எனக்கு உடன்பாடில்லை. என் மூன்றாவது பயணத்தில் ஒரு சீலும் வரவில்லை. அந்த அம்மா கடற்பாசித் தண்டில் ஒட்டியிருந்த நீலக் கோடு போட்ட நகம் அளவு சிப்பியைக் காட்டினார், நாற்பது நிமிடம் அதையும் நண்டுகளையும் பார்த்துவிட்டு ஏறினோம். முழுப் பணமும் கொடுத்தேன், வருத்தம் இல்லை.

நீங்கள் கிளம்ப இன்னும் மாதங்கள் இருக்கின்றன. ஜனவரி வந்ததும் ஒரு வார இறுதி இரவில் ஆமை நடைக்கு வாருங்கள், நானும் இப்போது மறுபடி போகிறேன். கழுத்துவரை மூடிய உடை வேண்டாம், ஈயம் வேண்டாம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, மணலில் நடந்தால் போதும். பல இரவு ஒன்றும் வராது. வந்தால் எங்கே உட்கார வேண்டும் என்று அவர்களே காட்டுவார்கள்.